எத்தனாவது நிமிஷம்?

1

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெண் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்களில் ஒரு கதை இருந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். எனக்கு எதிரே உட்காருகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, 'பொறியாளர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மாமா' என்று எழுதி வெளியிட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் அது ஊர் உலகம் பார்க்கக் கிடந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் என் பன்னிரண்டு வயது மகள் அதைப் படித்தாளா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் அதுவே சொன்னதாகிவிடும்.

கேட்க முடியாதவள் என்ன செய்வாள்? கதை எழுதுவாள். எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'எல்லையற்ற விண்வெளியின் இருளில், ஒரு கப்பல்…' (விண்வெளிக்கு எல்லை உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை முதல் வரியில் எழுதினால் இரண்டாம் வரியில் மாட்டிக்கொள்வேன்.)

'அவருக்கு நோய். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.' (இலக்கண வகுப்பு மாதிரி இருக்கிறது. படர்க்கை, படர்க்கை, தன்மை.)

'அம்மாக்கள் பொய் சொல்லும்போது அவர்கள் முகம்' (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று காரணம் சொல்லலாம். பால் பொங்கவில்லை.)

சரி, என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பொய்க்கு இடமில்லை. கட்டங்களுக்குத்தான் இடம்.

2

படங்களைப் பார்த்துப் பெற்றோருக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒரு செயலிக்காக. இந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா, எத்தனை வயதுக்கு மேல், எதற்குக் கண்ணை மூட வேண்டும் என்று நான் சொல்வேன். ஏழு கட்டங்கள்: இரத்தம், அடிதடி, கெட்ட வார்த்தை, ஆடைக்குறைவு, போதை, அச்சம், சோகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று சொற்களுக்குத்தான் அனுமதி: மிதமானது, கணிசமானது, தீவிரமானது. 'ஐயோ' என்பதற்கு அனுமதி இல்லை. இரத்தத்துக்கும் அடிதடிக்கும் மட்டும் நிமிடக் கணக்கும் தர வேண்டும். 'இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ஒருவரின் கை கதவில் நசுங்குகிறது. கணிசமானது.' இப்படி.

பொறுப்பான பெற்றோர்கள் இதைப் படித்துவிட்டு, சரியான நேரத்தில் பிள்ளையைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவார்கள் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் கொசு* என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த டைனோசர் படத்துல தலை போறது எத்தனாவது நிமிஷம்?"

"அது உனக்கு எதுக்கு?"

"நீ முப்பத்தெட்டுன்னு போட்டிருக்க. முப்பத்தாறுலயே போயிடுது. எங்க கிளாஸ்ல எல்லாரும் உன்னைத் திட்டுறாங்க."

அன்றைக்குத்தான் புரிந்தது. பெற்றோர்கள் யாரும் என் குறிப்பைப் படிப்பதில்லை. படிப்பது பிள்ளைகள். நான் எழுதுவது எச்சரிக்கை இல்லை, பட்டியல். எங்கே ரத்தம், எங்கே வெட்டு, எங்கே குத்து என்று நிமிட சுத்தமாகக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் மற்றதையெல்லாம் ஓட்டிவிட்டு நேராக அங்கே போகிறார்கள். பிள்ளைகளைக் கெடுப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கும் ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

கொசு பள்ளியிலிருந்து மூன்று இருபதுக்கு வருவாள். செருப்பைக் கழற்றும் முன் செயலியைத் திறப்பாள். இந்த நேரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* என் மகளின் வீட்டுப் பெயர். காரணம் விளக்க வேண்டியதில்லை, அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். உண்மைப் பெயரை எழுதினால் என்னைச் சும்மா விடமாட்டாள். அவள் அப்பாவைக் கதையில் சேர்க்கவில்லை. அவர் வந்தால் பாதிக் கதை வண்டிச் சாவியைத் தேடுவதிலேயே போய்விடும்.

3

இப்போது மாமா.

முதல் வரைவில் அவரைப் பக்கத்து வீட்டுக்காரராக வைத்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நோய் வந்தாலும் நமக்குக் கை நடுங்காது. இரண்டாவது வரைவில் அலுவலக நண்பர். மூன்றாவதில் நாயாகவே ஆக்கிவிட்டேன், அழகான பழுப்பு நாய். நாய் செத்தால் வாசகர்கள் எப்படியும் அழுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

உண்மையில் அவர் என் அண்ணன். கொசுவுக்கு மாமா. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'மேலயும் கீழயும் போயிட்டே இருக்கறவனுக்கு எவ பொண்ணு குடுப்பா' என்பார். நான்கு மாதமாக எங்கள் வீட்டு முன்னறை சோபாவில் இருக்கிறார். கணையத்தில் புற்று. டாக்டர் பேசும்போது மாதம் என்ற சொல்லைப் பயன்படுத்தினார், வருடம் என்ற சொல்லை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

கொசுவிடம் 'மாமாவுக்கு வயிற்றுப் புண், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லியிருக்கிறோம். அந்த முடிவு என்னுடையது இல்லை. ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்காக நிற்கும்போது அண்ணன் சொன்னார்.

"கொசுகிட்ட சொல்லிடாத."

"எத்தனை நாளைக்குண்ணே மறைக்கறது?"

"முடியற வரைக்கும். எல்லாரும் என்கிட்ட குழைஞ்சு பேச ஆரம்பிச்சுட்டீங்க. பால்காரன்கூட அண்ணான்னு கூப்பிடறான். அவ ஒருத்திதான் இன்னும் என்னை ஃபிராடுன்னு திட்டிட்டிருக்கா. அதையும் கெடுத்துடாத."

இவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது. வாழ்நாள் முழுக்க எனக்குப் பள்ளிக் கட்டணத்திலிருந்து பிரசவத்துக்கு ரத்தம் வரை கொடுத்தவர், முதல் தடவையாக ஒன்று கேட்டார். ஒரு சிறுமி தன்னைத் தொடர்ந்து திட்ட வேண்டும் என்று.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அதில் நான் அழுதேன். மிதமானது. எடுத்துவிட்டேன்.]

4

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த படம் ஓர் இருண்ட விண்வெளிப் படம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் கொசுவின் வகுப்பு முழுக்கத் தேடும். கதை இது: ஒரு கப்பலில் ஏழு பேர், காற்று ஆறு பேருக்குத்தான். கப்பலை ஓட்டும் இயந்திரத்துக்குக் கணக்கு நன்றாக வரும். அது ஒவ்வொருவராகப் பார்த்துக் கதவைத் திறக்கவும் மூடவும் தொடங்குகிறது. கப்பலிலேயே பிறந்த ஒரு சிறுமியும் இருக்கிறாள். அவளுக்குப் பிடித்தமானவர் கப்பலின் பொறியாளர்.

காலை பத்து மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். சோபா அண்ணனுடையது, நான் தரையில். மடியில் மடிக்கணினி.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கை நசுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டே 'கணிசமானது' என்று தட்டினேன்.

"இதெல்லாம் அநியாயம்" என்றார் அண்ணன். "கதவுல ஒரு சென்சார் வெச்சா கை மாட்டுமா? நாலு மாடி பில்டிங்லயே வெக்கறோம். இவனுங்க நட்சத்திரத்துக்குப் போறானுங்களாம், கதவு சென்சார் இல்லையாம்."

"அண்ணே, நான் வேலை பாக்கறேன்."

"நானும் வேலைதான் பாக்கறேன். எழுதிக்கோ. பராமரிப்புக் குறைபாடு, தீவிரமானது."

எழுபதாவது நிமிடத்தைத் தாண்டி அந்தக் காட்சி வந்தது. பொறியாளருக்குக் கதிர்வீச்சு ஏறிவிட்டது. பிழைக்கமாட்டார். கப்பலின் தலைவி மற்றவர்களைக் கூப்பிட்டு, சின்னவளிடம் யாரும் சொல்லக்கூடாது என்கிறாள். பிறகு சிறுமியின் அறைக்குப் போய்ப் படுக்கையில் உட்கார்ந்து, 'அவருக்கு ஒண்ணுமில்ல, சளி' என்று சொல்லிச் சிரிக்கிறாள். இரத்தம் இல்லை, சத்தம் இல்லை, இயந்திரம்கூடச் சும்மா இருக்கிறது.

நான் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். 'பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள்' என்று ஒரு கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை. எட்டாவது கட்டமாக அதைச் சேர்த்தால் எந்தப் படமும் தேறாது, குழந்தைகள் படம் உட்பட.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்ம கட்சிக்காரன்."

"என்ன?"

"அந்த இன்ஜினியர். பாவம், மூஞ்சியைப் பாரு. மாமா தேறமாட்டான்." பிறகு என் தலையில் லேசாகத் தட்டினார். "சோகம்னு போடு. மிதமானதுன்னு போடு. பெருசா போட்டு மத்தவங்களைப் பயமுறுத்தாத."

போட்டேன். அவர் சொன்னது காதில் இருக்க, கை தானாகத் தட்டச்சு செய்தது. பிற்பகலில் ஒரு தடவை மேலோட்டமாகப் படித்துப் பார்த்தேன். மூன்று பத்துக்கு வெளியிட்டேன். அண்ணனின் வலி மாத்திரை தீர்ந்திருந்தது, மருந்துக் கடைக்குப் போனேன்.

5

மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர். கைப்பேசி அடித்தது. எங்கள் மேலாளர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். படத்துல மாமா யாரு?"

"எந்த மாமா?"

"நீங்கதான்கா எழுதியிருக்கீங்க. சோகம் கட்டத்துல. படிக்கட்டுமா?" தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "'மாமா பிழைக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுமியிடம் மட்டும் மறைக்கிறார்கள். மிதமானது.'"

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர் "ஏம்மா, போறீங்களா இல்லையா" என்றார்.

"அக்கா? பதினாலு பேர் கமெண்ட் போட்டிருக்காங்க. எல்லாரும் மாமா யாரு, மாமா யாருன்னு கேக்கறாங்க."

"எடுத்துடு" என்றேன். "இப்பவே எடுத்துடு. பொறியாளர்னு மாத்து."

"எடுத்துட்டேன்கா. மூணு அம்பதுக்கே எடுத்துட்டேன், இப்ப மாத்திடறேன். பதறாதீங்க, சின்ன விஷயம்தானே."

மூன்று ஐம்பது. கொசு வருவது மூன்று இருபது.

அந்தப் பதினான்கு கருத்துகளையும் அவன் எனக்குப் படம் பிடித்து அனுப்பினான், சிரிப்பதற்காக. 'படத்தில் மாமாவே இல்லையே, தூங்கிட்டே பாத்தீங்களா?' 'யாருக்கு மாமா? அம்மா வழியா, அத்தை வழியா?' 'என் மாமாவையா சொல்றீங்க? காலையில நல்லாத்தானே இருந்தாரு.' 'மாமா போனா பதிமூணு பிளஸ்ஸா பதினெட்டு பிளஸ்ஸா?' இப்படிப் பதின்மூன்று. பதினான்காவதைப் பிறகு சொல்கிறேன். அது இரண்டே சொல். எனக்கு இப்போது அதைத் தட்டச்சு செய்ய முடியவில்லை.

6

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே கால். கொசு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இதைவிடப் பயங்கரமான காட்சி அந்தப் படத்தில் கிடையாது. யாரும் சொல்லாமல் அவள் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. செருப்பு வாசலில் ஒழுங்காக, ஜோடியாக இருந்தது.

"என்னடி, அதிசயமா இருக்கு?"

"நாளைக்கு டெஸ்ட்."

"படக் குறிப்பு பாத்தியா இன்னிக்கு?"

இந்தக் கேள்வியை எழுத இரண்டு நாள் ஆனது. கேட்கும்போது நான் குனிந்து மாத்திரைப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆக, அவள் முகம் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

"பாத்தேனே" என்றாள். "கை நசுங்கறது இருபத்தி மூணு."

"வேற?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல."

என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அன்று காலைதான் படத்தில் பார்த்திருந்தேன்.

ஆறு மணிக்கு இருவரும் சீட்டு ஆடினார்கள். தினமும் ஆடுவார்கள். அண்ணன் தினமும் ஏமாற்றுவார். அதுவும் கேவலமாக ஏமாற்றுவார், சீட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. கொசு தினமும் கண்டுபிடித்துக் கத்துவாள். தெரு முனைவரை கேட்கும்.

நான் சமையலறைக் கதவில் சாய்ந்து பார்த்தேன். அவர் சீட்டை இழுத்தார். தொடைக்கு அடியில் செருகினார். அவள் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி, ஒன்றரை நொடி, அவள் எதுவும் சொல்லவில்லை.

பிறகு, "ஃபிராடு மாமா! எடு அதை! கால்ல இருந்து எடு! பொய்க்காரா, உனக்கெல்லாம் வயித்துப் புண்ணு வந்தது சரிதான்!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்தினாள்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த ஒன்றரை நொடிதான் என் பிரச்சினை. தும்மல் வந்திருக்கலாம். டெஸ்ட் ஞாபகம் வந்திருக்கலாம். அல்லது, கத்த வேண்டும் என்று அவள் முடிவெடுத்திருக்கலாம்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. அவள் படிக்கவில்லை. அன்று பள்ளியிலிருந்து மூன்று ஐம்பத்தைந்துக்குத்தான் வந்தாள், வழியில் தோழியோடு நின்றுவிட்டாள். எல்லாம் பழையபடி. (இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பவில்லை.)

ஆ. அவள் படித்துவிட்டாள். ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். மூவரும் அழுகிறோம். வெளியே மழை. (வெளியே மழை என்று எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.)

இ. வேறு கோளிலிருந்து ஒரு மருந்து வருகிறது.

மூன்றையும் கதையோடு சேர்த்து அண்ணனிடம் கொடுத்தேன். பிழை நடந்ததை அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தேன். கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பதினாலு பேர் விசாரிச்சாங்களா? எனக்கு இவ்ளோ பேர் இருக்காங்களா?" என்று. பிறகு இருமல் வந்தது. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து படித்தார்.

"என்னை நாயாவா போட்ட?"

"மூணாவது வரைவுலதான்."

"என்ன கலர்?"

"பழுப்பு."

"பரவால்ல." பக்கத்தைத் திருப்பினார். "இந்த மூணாவது முடிவு நல்லாருக்கு. அதுல பொழச்சுடறேனா?"

"பொழச்சுடறே."

"நம்ப முடியல. எடுத்துடு." காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "சரி, அந்தப் பதினாலாவது என்ன? எங்கிட்டயும் சொல்லாம ஏமாத்தறியா?"

காட்டினேன். பெயர் இல்லை, எங்கள் செயலியில் யாரும் பெயர் போட வேண்டியதில்லை. நேரம் மட்டும் இருந்தது, மூன்று இருபத்தாறு. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'எத்தனாவது நிமிஷம்?'

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை இந்தச் செயலியிலேயே கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் நூறு தடவை கேட்கிறார்கள். சோகக் கட்டத்துக்கு நான் நிமிடம் தருவதில்லை, அதனால் எந்த வீட்டுப் பிள்ளையோ சலித்துக்கொண்டு கேட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால், என் மகள் முன்னறைக்கு அடுத்த அறையில், புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்காமல், மாமா எப்போது சாவார் என்று தன் பெயர் சொல்லாமல் ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள். அந்த ஒருத்தி நான்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கேள்வி நியாயமான கேள்வி" என்றார். "டாக்டர்கிட்ட நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்னண்ணே பண்றது?"

"உன் இஷ்டம். சொல்றதுன்னா சொல்லு. அவ என்கிட்ட மரியாதையா பேச ஆரம்பிச்சான்னா, உன்னைத்தான் கேப்பேன்."

8

இந்தக் கதைக்கான பெற்றோர் குறிப்பு:

இரத்தம்: இல்லை. பிரசவத்துக்குக் கொடுத்தது கணக்கில் சேராது.
அடிதடி: ஒரு கை நசுங்குகிறது, அதுவும் வேறு கதையில்.
கெட்ட வார்த்தை: 'ஃபிராடு', பலமுறை. தேவையானது.
ஆடைக்குறைவு: நாய் மட்டும்.
போதை: வலி மாத்திரை, டாக்டர் சீட்டுப்படி.
அச்சம்: தீவிரமானது. ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.
சோகம்: இந்தக் கட்டத்தை நிரப்ப அனுமதிக்கப்பட்ட மூன்று சொற்களும் போதவில்லை.
பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள்: (இந்தக் கட்டத்தை நானாகச் சேர்த்தேன், மேலாளர் எடுத்துவிடுவார்.) முதலிலிருந்து இதுவரை.
வயது: பன்னிரண்டு முதல்.

மற்ற வாசகர்கள் இத்துடன் எழுந்து போகலாம். தண்ணீர் எடுத்துவர அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எழுதத் தெரியாத எழுத்தாளர்கள்தான் அதை வாசகர் தலையில் கட்டுவார்கள். எனக்கும் தெரியவில்லை, ஆனால் என்னிடம் சரியான வாசகி ஒருத்தி இருக்கிறாள்.

கொசு, நாளை பிற்பகல் மூன்று பத்துக்கு, படக் குறிப்பு வரும் இடத்தில் இதை வெளியிடப் போகிறேன். நாற்பது நிமிடம் இருக்கும். பிறகு மேலாளர் போன் செய்வார், திட்டுவார், எடுத்துவிடுவார். நான் மருந்துக் கடைக்குப் போகமாட்டேன். அடுத்த அறையில்தான் இருப்பேன்.

அன்று கேட்டது நீயாக இல்லாவிட்டால், இப்படித் தெரிந்துகொள்ள வேண்டி வந்ததற்கு என்னை மன்னித்துவிடு. எனக்கு நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. கேட்டது நீதான் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில்: தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் நிமிடம் போட முடியவில்லை.

எழுந்து என்னிடம் வரலாம். அழலாம். என்னைத் திட்டலாம், அதற்கு எனக்குத் தகுதி உண்டு. ஒன்றுமே தெரியாதது போல் செருப்பை மூலைக்கொன்றாக வீசிவிட்டு உட்காரவும் செய்யலாம். எதைச் செய்தாலும் அதுதான் முடிவு, நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

ஆனால் ஆறு மணிக்குச் சீட்டு இருக்கிறது. மாமா ஏமாற்றுவார். ஒன்றரை நொடியெல்லாம் யோசிக்காதே, பார்த்த உடனே கத்து.